கார் உள்விளக்கு மங்கினால் பல்பை மட்டும் குறை சொல்லாதீர்கள்

கதவைத் திறந்ததும் கூரை விளக்கு செம்மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலோர் முதலில் செய்வது புது பல்பு வாங்கிப் போடுவது. பல்பே காரணமாக இருப்பதும் உண்டு. இழையிலுள்ள டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்பாகப் படியும். கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கண்ணாடி தெளிவாக இருந்தும் வெளிச்சம் போதவில்லையா? அப்படியானால் பல்புக்கு வரவேண்டிய வோல்டேஜ் பெரும்பாலும் வழியிலேயே கரைகிறது. இழை பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இதைத் தவிர்ப்பதுதான் அரை நாளை வீணாக்கும் தவறு. எல்லா விளக்கும் மங்கலா, ஒன்று மட்டுமா? இன்ஜின் ஓடும்போது தெளிகிறதா? எல்லாமே மங்கலாக இருந்து, இன்ஜினை இயக்கியதும் பளிச்சென்று ஆனால் பேட்டரி பக்கம் பாருங்கள். சில மணி நேரம் ஓட்டாமல் நிறுத்திய காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கவேண்டும். சார்ஜிங்கைக் கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இது சற்று ஏறி இறங்கும். மீட்டர் விளக்குகள் மட்டும் மங்கலாக இருந்தால், டேஷ்போர்டிலுள்ள ஒளி குறைக்கும் சக்கரத்தை யாராவது திருப்பிவிட்டார்களா என்று பாருங்கள். கதவை மூடியபின் கூரை விளக்கு மெல்ல மங்கி அணைவது பல கார்களில் இருக்கும் வசதி, கோளாறு அல்ல.

ஒரே விளக்குதான் மங்கல் என்றால், அதன் சுவிட்சே பாதி விடையைச் சொல்லும். பெரும்பாலும் அதற்கு மூன்று நிலைகள்: ஆன், ஆஃப், கதவு. ஆன் நிலையில் பளிச்சென்றும் கதவு நிலையில் மங்கலாகவும் எரிந்தால் பல்பும் ஃப்யூஸும் நல்லவை. கோளாறு கதவு சுவிட்சிலோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கிறது. பழைய கார்களில் இந்த சுவிட்ச்தான் விளக்கின் எர்த்தை (மின்சாரம் காரின் உலோக உடல் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பை) இணைக்கும். மழைநீர் இறங்கி அதன் தொடுமுனையிலும் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவிலும் துருவும் களிம்பும் ஏறும். இரண்டு நிலைகளிலும் மங்கல் என்றால் பல்பு, ஹோல்டர், சப்ளை வயர், எர்த் என்று தேடவேண்டும்.

இனி மிகப் பெரிய தவறு: பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்டேஜ் பார்ப்பது. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் 12.6 காட்டும், 'சப்ளை சரி' என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். மீட்டர் இழுப்பது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான், 5 வாட் பல்பு இழுப்பதோ சுமார் 0.4 ஆம்பியர். களிம்பேறிய ஓர் இணைப்பில் 3 ஓம் தடை இருந்தால், பல்பு எரியும்போது அங்கேயே 1 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். பல்பு இல்லாதபோது அந்தத் தடை மீட்டரின் கண்ணில் படவே படாது.

ஆகவே பல்பை மாட்டி, ஆன் நிலையில் எரியவிட்டு அளந்து பாருங்கள். இன்ஜின் நின்றிருக்கட்டும், மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். பேட்டரி முனைகளில் ஒரு முறை, பல்பின் இரு முனைகளில் ஒரு முறை. வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கவேண்டும். நீளமான வயர் ஒன்றால் மீட்டரின் ஒரு முனையை நீட்டி, பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் பழுது. அங்கே சரியாக இருந்தால், பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்பின் சப்ளை முனை வரை அதேபோல் பாருங்கள்.

எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, அடியிலுள்ள பெயின்டும் துருவும் போக மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து இறுக்குங்கள். பல்பைக் கவ்வும் வெண்கலத் தகடுகள் சூட்டில் தளர்ந்துபோகும். காண்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, மெதுவாக உள்நோக்கி வளைத்தால் போதும். கதவு நிலையில் மட்டும் தொல்லை என்றால் கதவு சுவிட்சையும் இப்படியே சுத்தம் செய்யலாம். டிக்கி விளக்கு மட்டும் மங்கினால் கீல் அருகிலுள்ள ரப்பர் குழாயைப் பிரியுங்கள். திறந்து மூடி மடங்கி, வயரின் இழைகள் பாதி அறுந்திருப்பதற்குப் பேர்போன இடம் அது.

மங்கலுக்கு ஃப்யூஸை மாற்றுவதில் பலனில்லை. உருகினால் விளக்கு அணையும், மங்காது. ஃப்யூஸ் உட்காரும் பள்ளத்தில் களிம்பு இருந்தால் மட்டுமே விளைவு உண்டு. அதிக ஆம்பியர் ஃப்யூஸ் போடுவது இன்னும் கெடுதல்: வயர் சூடாகும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது.

வெளிச்சம் போதவில்லை என்று 5 வாட் இடத்தில் 10 வாட் பல்பு போடவே போடாதீர்கள். பிளாஸ்டிக் மூடி பழுத்து உருகும். எல்இடி நல்ல மாற்றுதான், ஆனால் குழல்வடிவப் பல்புகள் 31, 36, 41 மில்லிமீட்டர் என்று பல நீளங்களில் வரும். பழையதை அளந்து வாங்குங்கள். சில எல்இடி ஒரே திசையில்தான் எரியும்; எரியாவிட்டால் திருப்பி மாட்டுங்கள். ஆஃப் செய்தபிறகும் லேசாக மினுங்கினால், காரின் கணினி கசியவிடும் சிறு மின்சாரமே அதற்குப் போதுமாக இருக்கிறது என்று பொருள்; காரின் கணினியோடு ஒத்துப்போகும் வகை தேவை.

மூடியைக் கழற்ற இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது இரு தகடுகளையும் ஒருசேரத் தொட்டால் ஃப்யூஸ் போய்விடும். சுவிட்சை ஆஃபில் வைத்து பிளாஸ்டிக் நெம்புகோலால் எடுங்கள். கூரையின் ஓரங்களில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் கார்களில் அங்கே நெம்பாதீர்கள். அழுக்கேறிய மூடியை சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் வெளுத்து விரிசல் விடும். எல்லாம் மாட்டியபின், பல்பை எரியவிட்டு அதே அளவுகளை மறுபடி எடுத்து, முந்தையவற்றோடு ஒப்பிடுங்கள்.