ட்ரையல்ஸ் வண்டியில் ஆடும் பிரேக் பெடல்: புஷ் மாற்றும் முறை

பாறை, மேடு பள்ளங்களில் கால் ஊன்றாமல் மெதுவாக மோட்டார் சைக்கிள் ஓட்டும் போட்டியான ட்ரையல்ஸில், ஓட்டுபவர் நின்றுகொண்டேதான் வண்டியைச் செலுத்துகிறார். கால் ஒருமுறை தரையைத் தொட்டாலே ஒரு தண்டப் புள்ளி ஏறிவிடும். பாறைச் சரிவில் பின் பிரேக்கை இம்மியளவு கூட்டியும் குறைத்தும் நிற்க வேண்டிய இவ்வண்டியில், பெடல் பக்கவாட்டில் ஆடினால் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதே பிடிபடாது. சென்னையின் எண்ணூர், காசிமேடு பக்கத்து உப்புக்காற்றிலும் மணலிலும் புழங்கும் வண்டிகளில் பெடல் புஷ் (பெடலின் துளைக்கும் அது சுழலும் அச்சுக்கம்பியான ஷாஃப்டுக்கும் இடையில் இருக்கும் உலோகக் குழல்) சீக்கிரமே தேய்கிறது. என் வண்டிக்கு அண்மையில் புஷ் மாற்றினேன். பின்பற்றிய முறையை எழுதுகிறேன்.

முதலில், ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெடலை மேலும் கீழும் அசைக்கும்போது தெரிவது, பெடலையும் பின் பிரேக்கையும் இணைக்கும் கம்பியான பிரேக் ராடில் விட வேண்டிய இயல்பான இடைவெளி. அதை நட்டைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். நுனியைப் பிடித்து உள்ளும் வெளியுமாக இழுக்கும்போது தெரிவதுதான் புஷ் தேய்மானம். புஷ் 30 மி.மீ. நீளமும் பெடல் 180 மி.மீ. நீளமும் இருந்தால், புஷ்ஷில் ஏற்படும் வெறும் 0.3 மி.மீ. இடைவெளி, நுனியில் இரு பக்கமும் சேர்த்து மூன்றரை மி.மீ. ஆட்டமாகப் பெருகிவிடும்.

ஸ்பிரிங்கையும் ராடையும் விடுவித்து, பெடலைக் கழற்றி, டீசலில் கழுவுங்கள். ஷாஃப்டை மைக்ரோமீட்டரால் குறைந்தது மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும். பெடல் எப்போதும் ஒரே பக்கம் அழுத்தப்படுவதால் ஷாஃப்ட் வட்டமாகத் தேயாமல் ஓவலாகத் தேய்கிறது. ஒரே திசையில் அளந்தால் அது புதியது போலவே காட்டும். இந்த வேலைக்கு வெர்னியர் போதாது என்பது என் கருத்து. ஷாஃப்டில் 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் அதையும் மாற்றிவிடுவதே மேல். பழைய ஷாஃப்டுக்குப் புது புஷ் போட்டால் ஆட்டம் சில மாதங்களில் திரும்பிவிடும். இடைவெளியை நிரப்பத் தகர ஷிம் (மெல்லிய தகடு) சுற்றிப் போடுவதையோ, வெல்டிங் வைத்துத் துளையை அடைப்பதையோ நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வியாசர்பாடி, மூலக்கடைப் பக்கத்து லேத் பட்டறைகளில் கன்மெட்டல் என்னும் வெண்கலக் கலவையில் புஷ்ஷும் ஈ.என். 8 என்னும் எஃகுக் கம்பியில் ஷாஃப்டும் கடைந்து தருவார்கள். ‘அண்ணே, பழைய புஷ் அளவுக்கே போட்டுடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது அடுத்த படிதான். புஷ்ஷின் வெளிவிட்டம் பெடல் துளையைவிட ஏறக்குறைய 0.03 மி.மீ. கூடுதலாக இருந்தால்தான் அது இறுக்கமாக உட்காரும். ஆனால் அப்படி இறங்கியதும், சுவர் மெல்லிதான புஷ்ஷின் உள்விட்டம் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சுருங்கிவிடும். வெளியே வழுக்கிக்கொண்டு போன ஷாஃப்ட், புஷ் பெடலுக்குள் இறங்கிய பிறகு நுழையவே மறுப்பதற்குக் காரணம் இதுதான். எனவே 12 மி.மீ. துளை வேண்டுமானால் லேத்தில் 11.9 மி.மீ. அளவிலேயே நிறுத்தச் சொல்லி, புஷ்ஷை இறக்கிய பிறகு 12 மி.மீ. ரீமர் (துளையைச் சன்னமாகச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் கருவி) ஓட்டி முடிக்க வேண்டும். ஷாஃப்ட் 11.97 மி.மீ. இருந்தால் கிரீஸ் தங்குவதற்கு இடம் கிடைக்கும்.

புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டாம். அலுமினியப் பெடலாக இருந்தால் துளையின் ஓரம் கிழிந்துவிடும். பெடலைக் கொதிநீரில் சற்று நேரம் போட்டு வையுங்கள். 16 மி.மீ. அலுமினியத் துளை, நம் ஊர் வெயிலிலிருந்து கொதிநீர்ச் சூட்டுக்குப் போகும்போது ஏறக்குறைய 0.025 மி.மீ. விரியும், இரும்புப் பெடலில் அதில் பாதிதான். பிறகு வைஸின் தாடைகளுக்கு இடையில் வைத்து நிதானமாக அழுத்தினால் புஷ் நேராக இறங்கிவிடும். ரீமரை எண்ணெய் விட்டு, வெட்டும் திசையில் மட்டுமே சுற்றுங்கள். வெளியே எடுக்கும்போதும் பின்னோக்கித் திருப்பாதீர்கள், விளிம்பு மழுங்கிவிடும். மண்ணடிக் கடைகளில் அட்ஜஸ்டபிள் ரீமரும் கிடைக்கிறது என்றாலும், பழக்கமில்லாத கைக்கு நிலையான அளவுள்ள ரீமரே நல்லது. துடைத்து எண்ணெய் பூசிய ஷாஃப்ட், பெடலை நிமிர்த்திப் பிடித்தால் தன் எடையாலேயே மெதுவாக வழுகி இறங்க வேண்டும். தடாலென்று விழுந்தால் துளை பெரிது.

சாதாரண கிரீஸ் மழையில் கரைந்து போகிறது. விசைப்படகுகளுக்குப் பயன்படும், நீரைத் தாங்கும் கிரீஸைத் தடவி, இரு முனையிலும் மெல்லிய ஓ-ரிங் வையுங்கள். மணல் உள்ளே போகாது. பக்கவாட்டு இடைவெளியை வாஷர் போட்டு 0.2 மி.மீ.க்குள் கொண்டுவந்து, பெடல் கழலாமல் தடுக்கப் புதிய ஸ்பிளிட் பின் மாட்டுங்கள்.

பின்சேர்க்கை: இம்முறையில் புஷ் மாற்றியபின் பின் சக்கரம் பிடித்துக்கொள்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பழைய ஆட்டத்தை ஈடுகட்டுவதற்காக ராடை முன்பே இறுக்கியிருப்பார்கள். ஆட்டம் போன பிறகு அந்த இறுக்கம் மிகையாகிவிடுகிறது. நட்டைத் தளர்த்தி, பெடலுக்குச் சிறிது இடைவெளி விட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். டிஸ்க் பிரேக் வண்டிகளில், பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பிக்கு முன்னே இலேசான இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் பிஸ்டன் முழுமையாகத் திரும்பாது. சூட்டில் விரியும் பிரேக் ஆயில் வெளியேற வழியின்றி டிஸ்கைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே டிஸ்க் வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிய பிறகும் சக்கரத்தைத் தூக்கி இன்னொரு முறை சுழற்றிப் பார்த்துவிடுங்கள்.