மிருதங்கத்தைக் கொண்டு ஒலியியல் கற்பித்து, அதை ஆய்வுக் கட்டுரையாக்கும் முறை

முதுநிலை இயற்பியல் வகுப்பில் வட்டச் சவ்வின் (இழுத்துக் கட்டிய வட்டத் தோலின்) அதிர்வை நடத்தும்போது, அதை விவரிக்கும் பெசல் சார்புகளைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதோடு நிறுத்திக்கொண்டால், மாணவர்கள் தேர்வு நாள் வரையில்தான் அதை நினைவில் வைத்திருப்பார்கள். அந்தப் பாடத்திற்கு ஒரு மிருதங்கத்தை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். புதுச்சேரியில் வாசிப்பவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அரியாங்குப்பத்தில் இசையும் நடனமும் கற்பிக்கும் பாரதியார் பல்கலைக்கூடமே இருக்கிறது. ஒருவரை அழைத்து, முதல் அரைமணி நேரம் சமன்பாடு எதையும் பேசாமல் மாணவர்களைக் கேட்க மட்டும் விடுங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி போதும்: தோல் கருவியான இது தம்புராவோடு எப்படி ஸ்ருதி சேர்கிறது? சீரான சவ்வின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்ற விகிதத்தில் அமைகின்றன; முழு எண்களாக இல்லாததால் அதில் தெளிவான சுரம் கேட்பதில்லை. வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) நடுவே பூசப்பட்ட கரிய வட்டமான கரணை தரும் கூடுதல் எடை இந்த விகிதங்களை மாற்றி, 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்கு அருகே கொண்டுவருகிறது. சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள். ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களாகத் திரள்வதை ராமன் 1934இல் விரிவாக விளக்கினார். ஆனால் இந்த விடையை அளவீட்டுக்கு முன்பே சொல்லிவிடாதீர்கள். விடை தெரிந்த மாணவர், வரைபடத்தில் இல்லாத உச்சியையும் கண்டுவிடுவார்.

அளவீட்டுக்குக் கைப்பேசியின் ஒலிவாங்கியும் ஒலியைப் பகுத்துக் காட்டும் 'ஆடாசிட்டி' மென்பொருளும் போதும். மின்விசிறியை அணைத்துவிட்டு, வலந்தலையிலிருந்து ஓர் அடி தொலைவில் கைப்பேசியை வைத்து, இடந்தலையைக் கையால் அழுத்தி மூடிக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு சொல்லையும் (விரலடிக்கு வாசிப்பவர்கள் தரும் பெயர் இது) பத்து முறை பதிவுசெய்யுங்கள். கரணையின் மேல் அடித்துத் தோலை ஒலிக்க விடும் சொல்லையும் 'நம்' என்பதையும் ஒப்பிடுவது மிகவும் பயன் தரும். மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் இலேசாக வைத்து, ஆள்காட்டி விரலால் விளிம்பில் அடிப்பது 'நம்'. அடிப்படை அதிர்வுக்குத் தோலின் உட்பகுதியில் கணுக்கோடு, அதாவது அசையாமல் நிற்கும் கோடு, கிடையாது என்பதால் விரல் பட்டதும் அது அடங்கிவிடுகிறது. விட்டத்தின் வழியே கணுக்கோடு கொண்ட அடுத்த அதிர்வு தப்பிப் பிழைக்கிறது. கலைஞரின் விரல் பல தலைமுறைகளாக அறிந்திருப்பதை மாணவர் தம் திரையில் காணும் அந்த நேரத்திற்காகவே நான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன்.

பதிவான ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து நிறமாலை எடுக்கும்போது சாளரத்தின் நீளத்தை, அதாவது ஒரே தடவையில் பகுக்கும் ஒலித் துண்டின் அளவைக் கவனியுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற பதிவில் 4,096 மாதிரிகளை எடுத்தால் உச்சிகளை 10.8 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் பிரித்தறிய முடியும். 32,768 எடுத்தால் அது 1.35 ஹெர்ட்ஸாகக் குறையும், ஆனால் முக்கால் நொடி ஒலி தேவைப்படும். உயர் சுரங்கள் அதற்கு முன்பே தணிந்துவிடக்கூடும் என்பதால் இரண்டையும் செய்து பார்ப்பதே முறை.

நம் ஊரில் தவறவிடக் கூடாத இன்னொன்று ஈரப்பதம். கடற்காற்று வீசத் தொடங்கியதும் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து ஸ்ருதி இறங்கும். வாசிப்பவர் கல்லால் தட்டிச் சரிசெய்துகொள்வார், நம்முடைய தரவுகளுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் முதல் கட்டுரையில் காலையில் எடுத்த எண்களையும் மாலையில் எடுத்தவற்றையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டோம். மதிப்பீட்டாளர் ஒருவர் அந்தச் சிதறலின் காரணத்தைக் கேட்டார். ஈரமானியைப் பார்த்துக் குறித்துவைக்காததால் எங்களால் பதில் சொல்ல இயலவில்லை. அனைத்தையும் மீண்டும் அளந்தோம். ஆகவே ஒவ்வொரு பதிவின் பெயரிலும் நேரம், வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றும் இருக்கட்டும். கடைசியாக எப்போது ஸ்ருதி சேர்க்கப்பட்டது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுரையை அளவீடு முடிந்த அன்று மாலையே தொடங்கச் சொல்லுங்கள். முதலில் வரைபடங்கள், பிறகு செய்முறை, பிறகு முடிவுகள், முன்னுரை கடைசியில் என்ற வரிசை மாணவர்களுக்கு எளிது. முன்னுரையில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். 1920ஆம் ஆண்டின் அந்தக் குறிப்பையே அவர்களுக்குப் படிக்கக் கொடுங்கள்: சொல்ல ஒரு செய்தி தெளிவாக இருந்தால் சில பத்திகளே போதும் என்பது புரியும். இதழைப் பொறுத்தவரை, கற்பித்தல் சார்ந்த ஆய்வுக்கு இந்திய அறிவியல் அகாதெமி 1996 முதல் நடத்திவரும் 'ரெசொனன்ஸ்' ஏற்றது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுவதாக வரும் மின்னஞ்சல்களுக்கு மாணவர் பதில் எழுதவே வேண்டாம்.

பெயர்களைப் பற்றி அனுப்புவதற்கு முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். வாசித்துக் கொடுத்ததோடு நில்லாமல், எந்தச் சொல்லை எப்படி அளக்க வேண்டும் என்று கலைஞர் திருத்தியிருந்தால், அவர் இணை ஆசிரியர். நன்றியுரையில் ஒரு வரியோடு அவரை அனுப்பிவிடுவது முறையன்று. கரணை போட்டவரின் பெயரையும் அவரிடம் அனுமதி கேட்டு நன்றியுரையில் சேர்த்து, அச்சான பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் சொல்லும் பொறுப்பை மாணவரிடமே விடுங்கள்.