உயரமும் வயதும் சொல்லும் வரலாறு: எங்கே தவறிப்போகிறோம்?

இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கூலித்தொழிலாளி என்ன சம்பாதித்தார் என்பதற்குப் பெரும்பாலும் ஆவணம் கிடையாது. ஆனால் அவர் படையில் சேர்ந்திருந்தால் உயரத்தைக் குறித்திருப்பார்கள்; சிறைக்குப் போயிருந்தால் வயதையும் கேட்டு எழுதியிருப்பார்கள். அந்த உயரங்களைக் கொண்டே எளிய மக்களின் வாழ்க்கைத்தரத்தை மதிப்பிடலாம் என்று ராபர்ட் ஃபோகல், ரிச்சர்ட் ஸ்டெக்கல், ஜான் கோம்லோஸ் போன்ற பொருளாதார வரலாற்றாசிரியர்கள் காட்டினார்கள்; சொன்ன வயதைக் கொண்டு அவர்களின் எண்ணறிவை, அதாவது கணக்குத் திறனை, மதிப்பிடும் முறையும் வந்தது. பொருளாதார வரலாற்றின் அருமையான சாதனைகளில் ஒன்று இது என்றே நினைக்கிறேன். இன்று அந்தத் தரவுகளை எடுத்து யார் வேண்டுமானாலும் வரைபடம் போட்டுவிட முடிகிறது. ஆனால் யார், யாரை, எதற்காக அளந்தார்கள் என்று கேட்காமல் போடும் வரைபடம் நம்மை ஏமாற்றிவிடும்.

முதலில், 'உயரமெல்லாம் பரம்பரை' என்று ஒதுக்குவது. ஒரே சமூகத்தில் இருவருக்கிடையே உள்ள வேறுபாட்டுக்குப் பெருமளவு மரபணுதான் காரணம். ஆனால் ஒரு நாட்டின் சராசரி மாறுவதற்கு அது காரணமாக முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சு இளைஞர்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 செ.மீ.; 1996-இல் பிறந்த டச்சு ஆண்களுக்கு 182.5 செ.மீ. நான்கைந்து தலைமுறையில் மரபணு இவ்வளவு மாறாது. மாறியவை உணவும், நோயும், குழந்தைப் பருவமும். ஆகவே தனி ஒருவரின் உயரத்தை வைத்து அவர் வளமாக வாழ்ந்தாரா என்று சொல்லவே கூடாது. ஒரே மக்கள்கூட்டத்தின் சராசரி காலப்போக்கில் எப்படி நகர்ந்தது என்று பார்ப்பதே பாதுகாப்பான வழி.

உயரத்தை வருமானத்தின் மறுபெயராக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. உடல் வளர்ச்சிக்குக் கிடைப்பது, உண்ட உணவில் நோயும் உழைப்பும் தின்றதுபோக மிஞ்சியது. அமெரிக்காவில் 1830 வாக்கிலிருந்து பிறந்தவர்களின் சராசரி உயரம் குறைந்துகொண்டே போனது. அதே காலத்தில் தலா வருமானம் ஏறியது. நெருக்கமான நகரங்கள், கால்வாயிலும் ரயிலிலும் ஊர் ஊராகப் பரவிய தொற்றுநோய்கள், பாலும் இறைச்சியும் விலையேறியது எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. வருமானமும் உயரமும் எதிரெதிராகப் போனால் ஏதோ ஒன்று பிழை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு உண்மைகளைச் சொல்லக்கூடும்.

அளந்த ஆண்டை வைத்து வரைபடம் போடுவதும் பரவலான பிழை. 1850-இல் அளக்கப்பட்ட 25 வயதுக்காரரின் உயரம் பெரிதும் 1825-ஐ ஒட்டிய சில ஆண்டுகளைப் பற்றியது. பிறந்த ஆண்டுவாரியாகத்தான் அடுக்க வேண்டும். வறுமையில் வளர்ச்சி தாமதமாகி இருபது வயதைத் தாண்டியும் நீளும் என்பதால், 18 வயதுக்காரரையும் 25 வயதுக்காரரையும் ஒரே சராசரியில் கலக்கவும் கூடாது.

இனி படைப் பதிவேடு. பல படைகள் குறைந்தபட்ச உயரம் வைத்திருந்தன. அதற்குக் கீழே இருந்தவர்கள் பட்டியலிலேயே இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரின் உண்மைச் சராசரி 165 செ.மீ., திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி உயரங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 6.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 162 செ.மீ.க்குக் கீழுள்ளவர்களை நீக்கினால் பட்டியலின் சராசரி சுமார் 168.4 ஆகிவிடும். அடுத்த தலைமுறையில் உண்மைச் சராசரி 167-க்கு உயர்ந்தால் பட்டியல் காட்டுவது சுமார் 169.5. உண்மையில் 2 செ.மீ. முன்னேற்றம், பதிவேட்டில் தெரிவது அதில் பாதிதான். போர் வந்து படை அந்த வரம்பைத் தளர்த்தினால், யாருமே குள்ளமாகாதபோதும் வரைபடம் சரியும். இப்படி வெட்டுப்பட்ட தரவுக்கென்றே புள்ளியியல் முறைகள் இருக்கின்றன. சாதாரணச் சராசரியை இங்கே பயன்படுத்துவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

வரம்பே இல்லாத பட்டியலிலும், தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் யார் என்ற கேள்வி நிற்கும். வெளியே நல்ல கூலி கிடைக்கும்போது படைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வேறு வழியற்ற ஏழைகள். அவர்கள் சராசரியைவிடக் குட்டையாக இருக்கலாம். தொழிற்புரட்சிக் காலத்தில் தெரியும் உயரச் சரிவில் ஒரு பகுதியாவது இப்படி வந்ததாக இருக்கலாம் என்று 2017-இல் ஹோவர்ட் போடன்ஹார்ன், டிமத்தி கின்னேன், தாமஸ் ம்ரோஸ் ஆகியோர் வாதிட்டார்கள். விவாதம் தீரவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இந்தத் தரவைத் தொடக் கூடாது.

என்னை மிகவும் உறுத்துவது, பெரியவர்களின் உயரத்தோடு நின்றுவிடும் பழக்கம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808 முதல் தடைசெய்தது. அதன்பின் உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பல்கள், அவர்கள் கடத்திவரப்பட்டவர்கள் அல்ல என்று காட்ட, ஒவ்வொருவரின் பெயர், வயது, உயரத்தைப் பட்டியலிட வேண்டியிருந்தது. அதில் வளர்ந்த ஆண்களின் உயரம் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 170 செ.மீ.; அக்கால ஐரோப்பியர் பலரைவிட அதிகம். 'அப்படியானால் அடிமைகள் நன்றாகத்தானே சாப்பிட்டார்கள்' என்ற கொடிய முடிவுக்கு இங்கிருந்து ஓரடிதான். ஸ்டெக்கல் அதே பட்டியலிலிருந்த குழந்தைகளைப் பார்த்தார். அவர்கள் இன்றைய வளர்ச்சி அட்டவணையின் அடிமட்டத்தில் இருந்தார்கள். கர்ப்பிணிகளிடம் வாங்கிய கடும் வேலை, சீக்கிரமே நின்ற தாய்ப்பால், சத்தில்லாத உணவு. வயலில் வேலை வாங்கும் வயது வந்த பிறகுதான் சத்துள்ள உணவு கிடைத்தது. பதின்வயதில் உடல் விட்டதைப் பிடித்தது. உயிர்பிழைத்தவர்கள் மட்டுமே அந்தச் சராசரியில் இருக்கிறார்கள். பஞ்சங்களுக்கும் இது பொருந்தும்: நலிந்தவர்கள் இறந்துவிட்டால் மிஞ்சியவர்களின் சராசரி பாதிப்பைக் குறைத்தே காட்டும்.

அலகையும் சரிபாருங்கள். நெப்போலியனைக் குள்ளர் என்று உலகம் நம்பியதற்கு, பழைய பிரெஞ்சு அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிடப் பெரியது என்பதைக் கவனிக்காததும் ஒரு காரணம்.

எண்ணறிவுக்கு வருவோம். சரியான வயது தெரியாதவர்கள் 30, 35, 40 என்று தோராய எண்ணாகச் சொல்வார்கள். 23 முதல் 62 வரை உள்ள நாற்பது வயதுகளில் 0 அல்லது 5-இல் முடிபவை எட்டு. அதாவது நூற்றுக்கு இருபது பேர்தான் அப்படிச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு 45 பேர் சொன்னால், இந்தக் குவிப்பை அளக்கும் விப்பிள் குறியீடு 225 (45-ஐ 20-ஆல் வகுத்து நூறால் பெருக்கியது; குவிப்பே இல்லையென்றால் 100, எல்லோருமே அப்படிச் சொன்னால் 500). அந்த 100 முதல் 500 வரையான அளவை விழுக்காடாக மாற்றினால் சுமார் 69 விழுக்காட்டினர் சரியான வயது சொன்னதாக மதிப்பிடுவோம். வயது வரம்பை 25-இல் தொடங்கினால் கணக்கு கோணும்: வயது ஏற ஏற உயிரோடு இருப்போர் குறைவதால், ஒவ்வொரு ஐந்தாண்டுத் தொகுதிக்கும் முதலில் வரும் 25-க்கும் 30-க்கும் இயல்பாகவே எண்ணிக்கை கூடிவிடும். எல்லோரும் ஐந்தின் மடங்கில்தான் குவிவார்கள் என்பதும் ஊகமே. சீனாவில் பிறந்த ஆண்டின் விலங்கை வைத்து வயதை நினைவில் வைத்திருந்தார்கள்.

இந்த முறையை 2009-இல் பரவலாக்கிய மூவரில் ஒருவரான பிரையன் ஆஹெர்னே, 2022-இல் வேறு இருவரோடு சேர்ந்து 19-ஆம் நூற்றாண்டு இத்தாலியை மறுபடி ஆராய்ந்தார். வயதுக் குவிப்பு காட்டுவது மனிதரின் கணக்குத் திறனை அல்ல, வயது முக்கியமாகிப்போன அரசும் சமூகமும் பரவியதையே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். நேர்மையான ஆய்வுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நாமும் குவிப்பு குறைந்ததைக் கண்டதும் 'மக்கள் கணக்குக் கற்றார்கள்' என்று எழுதிவிடக் கூடாது. சொன்னவர் அவரேதானா, மனைவிக்காகக் கணவர் சொன்னாரா, எழுத்தர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து எழுதினாரா என்று முதலில் தேட வேண்டும். எழுத்தர் பார்த்து எழுதியது என்று தெரிந்தால் அந்தப் பதிவேட்டை இந்தக் கணக்குக்குள் விடவே கூடாது.