பெங்களூர் மாடியில் சாமந்தி வளர்க்கும் முறை

சாமந்தி என்றதும் சிலருக்கு மாலை கட்டும் துலுக்கச் சாமந்திதான் நினைவுக்கு வருகிறது. இங்கே நான் சொல்வது அதுவல்ல. கன்னடத்தில் சேவந்திகெ என்றும் நம்மில் பலர் வீட்டில் செவ்வந்தி என்றும் அழைக்கிற, இலையைக் கசக்கினால் கைவிரலில் நெடுநேரம் வாசனை தங்குகிற செடியைப் பற்றித்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், கடுங்கோடையும் கடுங்குளிரும் இல்லாமல் இருக்கிற பெங்களூர் இதற்கு ஏற்ற ஊர். இருந்தும், இங்கே மாடியில் வளர்ப்பவர்கள் பலர் "இலை செழித்து நிற்கிறது, பூவைத்தான் காணோம்" என்று குறைப்படுகிறார்கள். அந்தக் குறைக்குக் காரணம் பெரும்பாலும் மண்ணில் இருப்பதில்லை.

சாமந்தி குறும்பகல் செடி. பகல் நீளமாகவும் இரவு குறுகலாகவும் இருக்கிற வரை இலையும் கிளையும் விட்டுக்கொண்டிருக்கும். இடையூறில்லாத நீண்ட இருட்டு தொடர்ந்து பல இரவுகள் கிடைத்த பிறகே மொட்டு கட்டும். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்காவில் கார்னர், அலார்ட் என்ற இருவர் புகையிலையையும் சோயாவையும் வைத்து ஆராய்ந்து 1920இல் வெளியிட்டார்கள். சம்பா நெல் வகைகள் பலவும், சட்டம் வளர்க்க விடாத கஞ்சாவும் இந்த வழியில் நடக்கிறவைதான். பெங்களூரில் ஜூன் மாதத்து மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம், டிசம்பரின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான் என்பதால் இரண்டு விதமான தொல்லைகள் வருகின்றன. காம்போடு வெட்டி விற்கும் கொய்மலருக்காக உருவாக்கிய சில வகைகள் ஜூலையில் நட்டாலும் ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு கட்டிவிடும். நாட்டு வகைகளோ பொழுது சுருங்கும் வரை காத்திருக்கும். அந்தச் சமயத்தில் இரவில் வெளிச்சம் பட்டால் மேலும் காத்திருக்கும்.

இதை நான் கற்றது ஒரு விளக்கிடம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பின் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் எரிகிற எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டினார்கள். அக்டோபர் கடைசியில் தொட்டியின் மறைவில் இருந்த நான்கு சட்டிகளில் பட்டாணி அளவுக்கு மொட்டுகள் வந்துவிட்டன. விளக்கின் கீழிருந்த ஆறு சட்டிகளும் தீபாவளி கழிந்தும் கரும்பச்சை இலைகளோடு நின்றன. ஊட்டம் போதவில்லை என்று எண்ணிக் கடலைப் பிண்ணாக்கைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேன். அதனால் பயனடைந்தது சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிதான். கடைசியில் அந்த ஆறு சட்டிகளையும் தொட்டிக்குப் பின்னால் நகர்த்திய பிறகு, நான்கே வாரத்தில் அவையும் மொட்டு விட்டன. ஆகவே சட்டி வைக்கும் இடத்தைப் பகலில் மட்டும் பார்க்காமல், இரவு பத்து மணிக்கும் ஒரு முறை மாடியேறிப் பாருங்கள். தெருவிளக்கு, எதிர்வீட்டுப் படிக்கட்டு விளக்கு, விளம்பரப் பலகை ஆகிய எதன் வெளிச்சமும் செடியின் மேல் விழக் கூடாது. பகலிலோ குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும்.

தொட்டபள்ளாப்பூர், சிக்கபள்ளாப்பூர் பக்கம் இரவில் போகிறவர்கள், வயல் முழுவதும் பல்புகள் எரிவதைப் பார்த்திருக்கலாம். பூப்பதைத் தள்ளிப்போட்டுச் செடியை உயர்த்திக்கொள்ள விவசாயிகள் இதே குணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். சீக்கிரமாக மொட்டு கட்டுகிற வகை உங்களிடம் இருந்தால், நட்ட முதல் நான்கு வாரங்களுக்கு மட்டும் இரவு 10 மணி முதல் 2 மணி வரை ஒரு 9 வாட் பல்பைச் செடிக்கு ஒரு மீட்டர் மேலே எரிய விடலாம். பிறகு முழு இருட்டு.

வகைகளில், ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட உஷா கிரண், எல்லோ கோல்டு போன்றவையும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 ஆகியவையும் உண்டு. இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் நன்றாகப் பூத்த செடி இருந்தால் அதிலிருந்து ஒரு பக்கக்கன்று கேட்டு வாங்குவதே மேல், அது இந்த ஊருக்குப் பழகிய செடி என்பதால்.

பூத்து முடிந்த தாய்ச்செடியின் அடியிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றுகளை வேரோடு பிரித்து நடலாம். போத்து, அதாவது வெட்டி நடும் தண்டு, எடுப்பதானால், ஜூன் மாதத்தில் பூ மொட்டு இல்லாத நுனித் தண்டை இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, கழுவிய மணலில் அல்லது ஊறவைத்துப் பிழிந்த கோகோபீட்டில் (தென்னை நார்க் கழிவில்) ஊன்றி நிழலில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். இழுத்துப் பார்க்க ஆசை வரும். இழுக்காதீர்கள், நுனியில் புது இலை வெளிறிய பச்சையாக விரிந்தால் அதுவே அடையாளம்.

வேர் பிடித்ததும் எட்டு அல்லது பத்து அங்குலச் சட்டிக்கு மாற்றலாம். செம்மண், மணல், மட்கிய சாணம் அல்லது மண்புழு உரம் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து, சட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குச் சேர்த்தால் போதும். இந்த ஊரில் செப்டம்பர், அக்டோபரில் கொட்டும் மழைதான் சாமந்தி வேருக்கு எமன். அடித்துளையின் மேல் ஓட்டுச் சில்லை வளைவாகக் கவிழ்த்து, சட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மேல் மண்ணில் விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், இலை நனையாமல், காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

நட்டு நான்கு வாரம் ஆனதும் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். இதற்கு மனம் வராதவர்கள்தான் அதிகம். "கொழுந்தைக் கிள்ளலன்னா ஒத்தக் கொம்புதான் நிக்கும் அக்கா" என்று ஓசூர்க்காரத் தோட்டக்காரத் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னது அப்படியே பலித்தது. கிள்ளிய இடத்துக்குக் கீழிருந்து மூன்று நான்கு கிளைகள் கிளம்பும். அவை நான்கு விரற்கடை வளர்ந்ததும் மறுபடி ஒரு முறை. ஆகஸ்டு கடைசிக்குப் பிறகு கிள்ளினால் மொட்டையும் சேர்த்தே இழக்க நேரிடும். கிளை கனத்துச் சாயும் முன்பே மூங்கில் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிண்ணாக்குக் கரைசலைப் பத்து பங்கு தண்ணீரில் நீர்த்து ஊற்றலாம். மொட்டில் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். குளிர் மாதங்களில் கொழுந்திலும் மொட்டுக் காம்பிலும் கருநிற அசுவினி அப்பிக்கொள்ளும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்து, அதற்கும் போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் படத் தெளிக்க வேண்டும். அடி இலைகளில் கருப்புத் திட்டுகள் தோன்றினால் அவற்றைப் பறித்துக் குப்பையில் போடுங்கள். சட்டியிலேயே உதிர விட்டால் மழைச்சாரல் அந்த நோயை மேல் இலைக்கு ஏற்றிவிடும்.

மொட்டு தெரிந்த பின் வகையைப் பொறுத்துச் சில வாரங்களில் பூ விரியும். பெரிய பூ வேண்டுமானால் ஒவ்வொரு கிளையிலும் நடு மொட்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளலாம். சாமிப் படத்துக்குச் சரம் கட்டுவதற்கு அதெல்லாம் தேவையில்லை. ஜனவரியில் பூ ஓய்ந்ததும் தண்டுகளைத் தரையிலிருந்து நான்கு அங்குலம் விட்டு வெட்டி, மேல் மண்ணைக் கிளறி எரு இட்டு, ஏப்ரல் வெயிலில் அரை நிழலுக்கு மாற்றி வைத்தால், அடுத்த ஜூனுக்கு வேண்டிய போத்துகளை அந்தச் சட்டியே தரும்.