கேமுக்குக் கதை எழுத: மீன்காரம்மாவிடம் தொடங்குங்கள்

வீடியோ கேமுக்குக் கதை எழுத விரும்பும் புதுச்சேரி, கடலூர் இளைஞர்கள் பலரும் முதலில் ஒரு பெரிய சரித்திரக் கதையோடுதான் வருகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்தத் தொழிலில் சோறு போடுவது பெரும்பாலும் சில்லறை வசனங்கள்தான்.

உங்கள் கேமில் ஒரு பாத்திரமாக, புதுச்சேரி குபேர் அங்காடியில் மீன் விற்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் அந்த வழியாக எத்தனை முறை போவார் என்று உங்களுக்குத் தெரியாது. "வா தம்பி, வஞ்சிரம் வந்திருக்கிறது" என்பது முதல் முறை இனிக்கும். ஐந்தாவது முறை எரிச்சலூட்டும். அதனால் அவருக்கு ஏழெட்டு வரிகள் எழுதுங்கள். காலையில் விலை, மதியம் வெயில், மழை வந்தால் படகுக்குப் போன மகன். நகைச்சுவைதான் சீக்கிரம் புளிக்கும், அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டக்காரர் பெண் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் 'தம்பி' என்னாவது? இருபாலருக்கும் பொருந்தும் வசனம் ஒன்றும் வேண்டும். ஆட்டக்காரர் தட்டச்சு செய்யும் பெயரோடு வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள்: 'முருகன்' என்ற பெயரோடு 'க்கு' சேர்ந்து 'முருகன்க்கு' என்று திரையில் நிற்கும். பெயர் தனியே விளியாக வருமாறு வாக்கியத்தை அமையுங்கள்.

எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிறகு, கிளைக்கதை எழுத உதவும் ட்வைன் (Twine) அல்லது இங்க் (Ink) மென்பொருளில், ஆட்டக்காரரின் தேர்வுக்கேற்பப் பிரியும் கிளைகளைக் கோத்து, நண்பரிடம் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். இரண்டு மென்பொருள்களும் இலவசம். அவர் விளையாடும்போது நீங்கள் எதையும் விளக்கக் கூடாது. எந்த வசனத்தைப் படிக்காமல் தட்டித் தள்ளுகிறாரோ, அதை வெட்டுங்கள்.