கூப்பிடாமல் வந்த செங்காந்தள்: தோண்டுவதா, விடுவதா?

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் முருங்கைக்கு மேடு கட்ட, மூன்று வருஷத்துக்கு முன் ஒரு லோடு செம்மண் அடித்தோம். மலையடிவாரத்து மண். அடுத்த ஆடியில் நல்ல மழை பெய்து பத்து நாள் கழித்துப் பார்த்தால், கீரைப் பாத்தி ஓரத்தில் பேனா முனை மாதிரி ஒரு பச்சைக் குருத்து. ஏதோ களை என்று களைக்கொத்தால் ஒரே போடு போட்டேன். மறு வருஷம் அதே இடத்தில் இரண்டு கொடி!

பக்கத்து வீட்டு ஆயாதான் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, அதை வெறுங்கையில புடுங்காத. கண்வலிக்கிழங்கு அது."

நம் மாநில மலரான செங்காந்தள்தான். கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். உங்கள் தோட்டத்திலும் இப்படி வந்து நின்றால் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

1. இதுதானா என்று பாருங்கள்

பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம். இலை நுனியைப் பாருங்கள். நீண்ட இலையின் நுனி நூல் மாதிரி மெலிந்து சுருண்டு, கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதுதான். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுச்சுருள் கிடையாது, இலையே அந்த வேலையையும் செய்கிறது. பூவில் ஆறு இதழ். ஓரம் நெளிந்து, பின்பக்கமாக மடங்கி மேலே நிற்கும். பச்சையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாளுக்கு நாள் நிறம் ஏறும்.

2. விடலாமா, எடுக்கலாமா?

இந்த முடிவுதான் முக்கியம். கிழங்கு, விதை, இலை, பூ எல்லாமே விஷம். உள்ளே இருப்பது கோல்சிசின். கவுட் என்கிற மூட்டு நோய்க்கு மாத்திரையாகக் கொடுக்கிற அதே பொருள். அதற்காகத்தான் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதைப் பயிராகவே போட்டு விதையை விற்கிறார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே அளவு மிகக் குறுகியது. வேகவைத்தாலும் விஷம் போகாது.

யூட்யூபில் சீனாக்காரர்கள் ஆரஞ்சு நிற 'டே லில்லி' மொட்டைச் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு குடும்பத்துச் செடி. நர்சரியில் இதையும் 'குளோரி லில்லி' என்று சொல்வதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தவழும் குழந்தையோ, அவிழ்த்துவிட்ட ஆடோ, எதையும் கடித்துப் பார்க்கும் நாய்க்குட்டியோ இருக்கிற வீட்டில் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். வள்ளிக்கிழங்கு, கருணை, இஞ்சி போட்ட பாத்திக்குள் வந்திருந்தாலும் அப்படித்தான். சமையல் கிழங்கு என்று நினைத்து இதைத் தின்று ஆபத்தானவர்கள் உண்டு. மற்றவர்கள் இடம் மாற்றி வைத்துக்கொள்ளலாம். நான் அதைத்தான் செய்தேன்.

3. தோண்டுவது

கொடியை மேலாக அறுத்தால் அந்த வருஷம் பூக்காது, அவ்வளவுதான். கிழங்கு அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

அடியோடு ஒழிக்க வேண்டுமென்றால் குருத்து தெரிகிற ஆடியிலேயே தோண்டுங்கள், இடம் தேடி அலைய வேண்டாம். பிழைக்க வைக்க வேண்டுமென்றால் தை, மாசியில், கொடி காய்ந்த பிறகு தோண்டுங்கள். காய்ந்த தண்டு காற்றில் போய்விடும் என்பதால் முன்கூட்டியே பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

கையுறை போடுங்கள். இல்லையென்றால் கையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளுங்கள். செம்மண் இறுகிக் கிடக்கும், முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடப்பாரையை இறக்கி, சுற்றிலும் மண்ணை நெம்புங்கள். கிழங்கு ஒரு சாண் ஆழத்தில் இருக்கும், சிலது இன்னும் கீழே. அதன் வடிவம் ஏர்க்கலப்பை மாதிரி, இரண்டு கை விரித்தாற்போல. வெளிறிய பழுப்பு நிறம், முருங்கைக்காய் போல் 'படக்'கென்று ஒடியும். முளை கட்டும் கண் இரண்டு கையின் நுனியிலும் இருக்கிறது. நடுவில் ஒடிந்தால் இரண்டு செடி. என் களைக்கொத்து செய்த வேலை இதுதான்.

4. வேண்டாததை ஒழிப்பது

உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயே முளைக்கும். தெருக்குப்பையும் வேண்டாம், மாடு கிளறும். இரண்டு நுனியையும் கிள்ளி, அந்தத் துண்டுகளையும் சேர்த்து ஆடு மாடு எட்டாத மொட்டை மாடியில் சுருங்கும்வரை காயவைத்து, ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கையையும் கருவியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

களைக்கொல்லி அடிக்கலாமா என்று கேட்பீர்கள். கீரை பறிக்கிற பாத்தியில் நான் அடிக்க மாட்டேன்.

5. இடம் மாற்றுவது

தோண்டியதைக் காய்ந்த மணலில் போட்டு நிழலில் வையுங்கள். டப்பாவின் மேல் பெரிதாக 'விஷம்' என்று எழுதுங்கள். சமையலறைப் பக்கமே வேண்டாம். ஆனி கடைசியில், தண்ணீர் தேங்காத வேலியோரத்தில் நான்கு விரல் ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். ஏறுவதற்கு நாலு முள்கொம்பு போதும். உரம்கூடத் தேவையில்லை.

6. காயைக் கவனியுங்கள்

பூ உதிர்ந்தபின் பச்சைக் காய் தொங்கும். முற்றி வெடித்தால் உள்ளே சிவந்த விதைகள், குழந்தைகள் பொறுக்குகிற மாதிரியே அழகாக இருக்கும். வெடிக்கும் முன்பே காயைப் பறித்துவிடுங்கள்.

யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்து, அப்புறம்தான் வாந்தி பேதி தொடங்கும். உடனே 108. செடியின் ஒரு துண்டைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், டாக்டருக்குக் காட்ட.