‘இவளுக்கு நல்ல மூளை, அவனுக்கு வராது’: இந்த நினைப்பை நோட்டில் பிடிப்பது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் அழித்து அழித்தே ஓட்டையாகிக் கிடந்தது. விடை சரியாக இருந்தது, வழிமுறையைக் காணோம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். “தப்பாப் போட்டா என்ன நினைப்பீங்கக்கா? நீங்கதான எனக்கு நல்ல மூளைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க” என்றாள்.

பாராட்டு என்று நினைத்துச் சொன்னது அவளுக்குப் பயமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அறிவைப் பற்றியும் மனவுறுதியைப் பற்றியும் நமக்குள் சில நம்பிக்கைகள் ஊறிக் கிடக்கின்றன. யாரை மதிப்பது, யாரைக் கைவிடுவது, யாருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது என்று நமக்காக முடிவெடுப்பவை அவைதான். அவற்றை வெளியே எடுத்துப் பார்க்க நான் செய்ததை இங்கே எழுதுகிறேன். ஒரு 40 பக்க நோட்டும் பேனாவும் ஒரு வாரமும் போதும்.

படி 1: வாக்கியத்தைப் பிடியுங்கள்

“நீங்கள் எதை நம்புகிறீர்கள்?” என்று நேராகக் கேட்டால் எல்லாரும் நல்ல பதிலாகத்தான் சொல்வோம். அதனால் அப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் உங்கள் வாயிலிருந்து தானாக வருவதை அப்படியே எழுதுங்கள். என் நோட்டில் இருந்தவை: “அவன் மண்டையில களிமண்ணு.” “விளையும் பயிர் முளையிலேயே தெரியும்.” “மனசு வச்சா விட முடியாதா?” “இன்னைக்கு இதுக்கு மேல என்னால முடியாது.” சொன்ன ஆள், சொன்ன நேரம் இரண்டையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் ஏன் என்பது நான்காம் படியில் புரியும்.

படி 2: பிரித்துப் போடுங்கள்

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ‘பிறவி’ அல்லது ‘பழக்கம்’ என்று எழுதுங்கள். நம் பழமொழிகளே இரண்டு பக்கமும் நிற்கின்றன. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ ஒரு பக்கம், ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ மறுபக்கம். இதில் நேரம் செலவழிக்க வேண்டாம். குழப்பமாக இருந்தால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

படி 3: ‘அப்படின்னா?’ என்று கேளுங்கள்

எனக்கு அதிகம் வலித்த படி இதுதான். ஒரு வாக்கியத்தை எடுத்து, கீழே ‘அப்படின்னா?’ என்று நான்கு முறை கேட்டு எழுதுங்கள். நான் எழுதியது:

அவனுக்குக் கணக்கு வராது. அப்படின்னா? சொல்லித் தந்தாலும் வீண். அப்படின்னா? வருகிற பிள்ளைகளிடம் நேரத்தைச் செலவழிப்பதுதான் நியாயம். அப்படின்னா? அவன் ஓசூரில் கூலி வேலைக்குப் போவது அவன் தலையெழுத்து. அப்படின்னா? அதற்கு யாரும் பொறுப்பில்லை, நானும் இல்லை.

ஐந்தே வரியில் ‘கணக்கு வராது’ என்பது உலகம் இப்படித்தான் இருக்கும் என்ற தீர்ப்பாக முடிந்துவிட்டது. இப்படி ஒரு உலகப் பார்வை எனக்குள் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

எதிர்ப்பக்க வாக்கியத்தையும் இதே மாதிரி சோதியுங்கள். ‘உழைச்சா யாருக்கும் வரும்’ என்பதும் நான்காவது கேள்வியில் ‘அப்ப வராதவன் சோம்பேறி’ என்று வந்து நிற்கக்கூடும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் அப்பா அம்மாவோடு பாதி வருஷம் பள்ளியைத் தவறவிடும் பிள்ளையை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படி 4: ஆதாரத்தோடு உரசிப் பாருங்கள்

முதலில் என் பாராட்டு. உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகளை 1998-இல் வெளியிட்டார்கள். சிலரை ‘புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் தோற்றபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் சீக்கிரம் துவண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். படித்தபோது அந்த ஓட்டை விழுந்த பக்கம்தான் கண்முன் வந்தது.

இதைக் கேட்டுவிட்டு, நம்பிக்கையை மாற்றினால் மதிப்பெண் கொட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ‘அறிவு வளரக்கூடியது’ என்று சொல்லித் தருவதன் பலனை அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்து 2019-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் பலன் இருந்தது, ஆனால் சிறிது. பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி ஏறியது 4-க்கு 0.1 அளவுதான்.

அடுத்தது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாளிலும், அறுவடைக்குப் பின் காசு வந்த நாளிலும் அதே விவசாயிக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். முன்பு வைத்ததில் அவர் தடுமாறினார், பின்பு வைத்ததில் நன்றாகச் செய்தார். ஆள் மாறவில்லை, மாதம்தான் மாறியது. கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கும் வருஷத்தில் ஒரு முறைதான் பெரிய காசு. நேரத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். ‘மக்கு’ என்று நான் எழுதிவைத்த ஒருவருக்கு நேரே இருந்த தேதியைப் பார்த்தேன்: பிப்ரவரி. காய் இறங்க இன்னும் மூன்று மாதம்.

மனவுறுதிக்கு வருவோம். 1998-இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவினர், மனவுறுதி செலவழிந்து தீரும் ஒன்று என்றார்கள். சாக்லேட் பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கி மட்டும் தின்னச் சொல்லப்பட்டவர்கள், அடுத்துக் கொடுத்த தீராத புதிரைச் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். பிஸ்கட் தின்றவர்கள் சுமார் 19 நிமிடம் போராடினார்கள். ஆனால் 2016-இல் வெளியான ஆய்வில், 23 ஆய்வகங்களில், 2,000-க்கு மேற்பட்டவர்களிடம் அந்தக் கருத்தை வேறொரு சோதனையால் சோதித்தபோது அப்படி ஒரு விளைவு ஏறக்குறையக் காணவே இல்லை. தீரும் என்று நம்புகிறவர்களுக்குத்தான் அது தீர்கிறது என்று 2010-இலேயே வெரோனிகா ஜாப் குழுவினர் காட்டியிருந்தார்கள். கிருஷ்ணா சவானியும் ஜாபும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்கள் சிரமமான வேலைக்குப் பிறகு அடுத்த வேலையை இன்னும் நன்றாகவே செய்தார்கள். விரதம் இருந்தால் மனசு தெளியும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். தினமும் குடிப்பார். கார்த்திகையில் மாலை போட்டால் 48 நாள் தொட மாட்டார். விடியற்காலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார், செருப்பில்லாமல் நடப்பார். மாலையைக் கழற்றிய மறுநாள் பழைய கதை. ‘மனவுறுதி இல்லாத ஆள்’ என்றுதான் என் நோட்டில் எழுதியிருந்தேன். இல்லாதவர் 48 நாள் எப்படி இருந்தார்? அந்த நாட்களில் ஊரே அவரைச் ‘சாமி’ என்றது. கூட்டாளிகள் கூப்பிடவில்லை. வீட்டில் தனிச் சமையல். 49-ஆம் நாள் அத்தனையும் ஒரே நாளில் விலகிவிடுகிறது. (குடிநோய்க்கு மருத்துவம் உண்டு. ரொம்ப நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டிவிட்டு நிறுத்துவது நல்லது.)

படி 5: ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றுங்கள்

எல்லாவற்றையும் மாற்றப் பார்க்காதீர்கள். ஒரு ஆள், ஒரு வாக்கியம், ஒரு மாதம். நான் அந்தப் பெண்ணிடம் ‘நல்ல மூளை’ என்பதை நிறுத்தினேன். பதிலுக்கு ‘இதை எப்படிப் போட்டே, சொல்லு’ என்று கேட்கிறேன். அவளிடமிருந்து ரப்பரையும் வாங்கி வைத்துக்கொண்டேன். தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுத வேண்டும். முதல் வாரம் முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வியாழக்கிழமை பின்னக் கூட்டல் நடந்தது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்த்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியிருக்கிறாள். நான் விரலை வைக்கப் போனேன். “இருங்கக்கா, அரையைவிடக் கம்மியா வந்திருக்கு” என்று நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கோடு போட்டாள்.